நடு இடத்துக்கு மாற்று ஆள்

வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் ஜரியாடோலிச் சந்தையில் காய்கறி வாங்குகிறவர்களைவிட ஹாக்கி பேசுகிறவர்கள்தான் அதிகம். இலுப்பை மரத்தடியில் அரிசிக் கள் விற்கும் பெண்கள் பானை மூடியைத் திறந்தால் போதும், தொன்னையும் கையுமாக ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். அறுவடை முடிந்து தை பிறந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். கிடாப் பந்தயம் வந்துவிடும். ஜெயிக்கிற ஊருக்குக் காயடித்துக் கொழுத்த கிடா ஒன்று. பக்கத்துப் பட்டணங்களில் கோப்பையும் சான்றிதழும் தருகிறார்களாம், தரட்டும். கோப்பையை வெட்டிக் குழம்பு வைக்க முடியுமா?

அந்த வருஷம் பேச்சு ஆரம்பத்திலேயே சூடு பிடித்திருந்தது. சரக்கு வண்டி ஓட்டும் மங்ரா, ஐந்து பேரை முன்னால் நிறுத்தி அடித்துத் தள்ளவேண்டும் என்றான். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த சோம்ரா, முன்னால் ஓடுகிறவனைப் பார்த்துக் கைதட்டலாம், கிடாவைக் கொண்டுவருகிறவன் பின்னால் நிற்கிறவன்தான் என்றார். கோல் காக்க யார், வலது ஓரத்துக்கு யார், சிகரெட் பிடிக்கிறவனைச் சேர்க்கலாமா, போன வருஷம் ஆட்டத்துக்கு முதல்நாள் மாமியார் வீட்டுக்கு ஓடிப்போனவனை மன்னிக்கலாமா என்று ஊர் நியாயம் முழுவதும் அந்த மரத்தடியில் நடந்தது. பாதிப் பேர் வாழ்நாளில் ஒரு கோல் அடித்திருக்கமாட்டார்கள். ஆனால் அணி அமைப்பதில் ஒவ்வொருவரும் சூரப்புலி.

துப்ராஜ் ஹோரோ மட்டும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சந்தை முனையில் சைக்கிள் பழுதுபார்க்கிறவர், ஐம்பதைத் தாண்டியவர். அவரை யாரும் தேர்வாளர் என்று நியமித்ததில்லை. இருந்தாலும் அவர் தலையசைக்காமல் எவனும் மைதானத்தில் இறங்கியதும் இல்லை. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் சித்தப்பாதான்.

"நடுவுல ஆள் இல்லாம எந்த ஊர்லயாவது டீம் உண்டா?" என்று மங்ரா கடைசியில் அந்த விஷயத்துக்கு வந்தான். "எலியாஸ் ஹாக்கி ஹாஸ்டல்ல இருந்து லீவுல வந்திருக்கான். நம்ம ஊர்ல ஆடணும்னு அவனே கேக்குறான். சென்டர் ஹாஃப்ல அவனைப் போடுங்க சித்தப்பா. கரம்பானிக்காரன் மூச்சு விடமாட்டான்."

சோம்ரா தொன்னையைக் கீழே வைத்தார். "நடுவுலதான் ஆள் இருக்கானே" என்றார்.

கள் ஊற்றிக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டாள்.

நடுவில் இருந்தவன் சிங்ராய். துப்ராஜின் அண்ணன் மகன். மூன்று மழைக்காலத்துக்கு முன்னால், உடம்பில் காய்ச்சலை வைத்துக்கொண்டு பயிற்சிக்கு வந்தவன், பந்தைத் தடுத்துத் திரும்பும்போது மைதானத்தின் நடுவிலேயே விழுந்தான். மூளைக்கு ஏறிய மலேரியா. மங்ராவின் வண்டியில்தான் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. உடம்பைப் புதைத்துக் கல் நட்டாயிற்று. ஆனால் ஆள் மைதானத்தை விட்டு எழுந்து வரவில்லை என்று ஊரே நம்பியது.

நம்புவதற்குக் காரணம் இருந்தது. அவன் போன பிறகு வந்த முதல் பந்தயத்தில் அவன் இடத்தில் நிற்க எவனுக்கும் மனம் துணியவில்லை. நடுவைக் காலியாக விட்டுப் பத்துப் பேரோடு இறங்கினார்கள். உதை வாங்கப்போகிறோம் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் எதிரணிக்காரன் எவ்வளவு வேகமாக வந்தாலும் நடுவுக்கு வந்ததும் தடுமாறினான். மட்டை இடறியது, பந்து நழுவியது, யாரோ குறுக்கே வந்ததுபோல் ஒதுங்கினான். கிடா ஜரியாடோலிக்கு வந்தது. மறுவருஷமும் அப்படியே. வெளியூருக்குப் பதினோரு பேராகப் போனால் தோல்வி, சொந்த மைதானத்தில் பத்துப் பேராக நின்றால் வெற்றி. இதற்குமேல் என்ன கணக்கு வேண்டும் என்று சோம்ரா கேட்பார்.

"செத்தவனை வச்சு ஆடுறது ஆட்டமாய்யா?" என்றான் மங்ரா. அவன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

எல்லோரும் துப்ராஜைப் பார்த்தார்கள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "பத்துப் பேர்தான்" என்றார். "எலியாஸ் வேண்டாம்."

பேச்சு முடிந்தது. எலியாஸ் ரோஷக்காரன். சேதி காதில் விழுந்த மறுநாளே அம்மாவின் ஊரான கரம்பானிக்குப் போய் அந்த அணியில் சேர்ந்துவிட்டான்.

அதற்கும் மறுநாள் காலையில் சல்கி சைக்கிள் கடைக்கு வந்தாள். சிங்ராயின் அம்மா. துப்ராஜுக்கு அண்ணி. அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடுகிற பாவனையில் குனிந்தே இருந்தார்.

அவர்கள் வழக்கத்தில் ஒருவனைப் புதைப்பதோடு வேலை முடிவதில்லை. அவன் நிழலை வீட்டுக்குத் திரும்ப அழைக்கவேண்டும். சின்னதாக ஒரு வைக்கோல் குடிசை கட்டி எடுத்துப்போய், அவன் இருக்கும் இடத்தில் கொளுத்தி, உன் வீடு எரிகிறது, வா என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஏர்க் கொழுவைத் தட்டிக்கொண்டே வீடுவரை கூட்டிவருவார்கள். வாசலுக்கு உள்ளே நிற்பவர், கொண்டுவந்தது துக்கமா சந்தோஷமா என்று கேட்க, சந்தோஷம் என்று சொல்லி உள்ளே போவார்கள். உள்ளறையில் முன்னோர்கள் இருக்கிறார்கள். அங்கே அவனுக்கும் ஒரு இடம், நல்ல நாளில் ஒரு கைச் சோறு. அதைச் செய்யாத வரை அவன் வெளியில்தான் நிற்பான். சில நாட்களில் செய்து முடிக்கவேண்டிய காரியம். வீட்டு ஆண் என்ற முறையில் முன்னால் நின்று நடத்தவேண்டியவர் துப்ராஜ். முதலில் மழை என்றார், பிறகு அறுவடை என்றார், பிறகு பந்தயம் முடியட்டும் என்றார். அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

"எலியாஸை வேண்டாம்னுட்டியாமே தம்பி" என்றாள் சல்கி.

"அது டீம் விஷயம் அண்ணி."

"என் பிள்ளை விஷயம் இல்லையா?"

துப்ராஜ் டியூபைத் திருப்பினார். பந்தயம் முடிந்ததும் கிடாக் கறியோடு ஜாம்ஜாம் என்று அழைத்துவிடலாம் என்று தண்ணீரைப் பார்த்தே சொன்னார். போன வருஷமும் இதே வாய் இதையேதான் சொன்னது என்றாள் அவள். கோபப்படவில்லை. அதுதான் அவரைச் சங்கடப்படுத்தியது. கத்தியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை கத்தி விஷயத்தைத் தள்ளிப்போட்டிருப்பார்.

"உள்ளறையை மெழுகி மெழுகிக் கை தேஞ்சுபோச்சு" என்றாள். "நான் மட்டை பிடிச்சதில்லை. ஆனா பார்த்திருக்கேன். களைச்சவனை வெளிய கூப்பிட்டு உட்கார வைக்கிறீங்க. தண்ணி குடுக்கிறீங்க. கேப்டன் லோதோவுக்கு மாத்து ஆள் இருக்கான். கோல்ல நிக்கிறவனுக்கும் இருக்கான். ரெண்டு வருஷமா ஓடுறானே, என் பிள்ளைக்கு யாரு தம்பி மாத்து ஆள்?"

துப்ராஜ் டியூபை மறுபடி தண்ணீரில் அமுக்கினார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஊருக்குக் கிடா. சோம்ராவுக்குப் பெருமை. துப்ராஜுக்கு இரண்டும் பெரிதில்லை, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளை இல்லாத மனுஷன். சிங்ராய்க்கு நடை வந்த நாளிலிருந்து அவன் பின்னாலேயே ஓடியவர். ஒவ்வொரு மாலையும் கடையை அடைத்துவிட்டு மைதானத்துக்குப் போய்த் தெற்குப் பக்கக் கோல் கம்பத்தடியில் உட்காருவார். மேய்ந்து திரும்பும் ஆடுகள் நேராக வந்து, நடுவுக்கு வந்ததும் இரண்டாகப் பிரிந்து சுற்றிப் போகும். காற்றில்லாத வேளையில் அங்கே மட்டும் கொஞ்சம் புழுதி எழும்பி அடங்கும். பிறகு அந்தச் சத்தம் வரும். மட்டையின் முனையால் தரையைத் தட்டும் சத்தம். பந்து வருமுன் சிங்ராய் அப்படித்தான் தட்டுவான். துப்ராஜ் பயந்ததில்லை. "இடது பக்கம் பாருடா" என்பார். "அவசரப்படாதே" என்பார். நாள் முழுவதும் அந்த நேரத்துக்காகத்தான் அவர் உயிரோடு இருந்தார்.

வீட்டுக்குள் கொண்டுபோனால் அவன் முன்னோர்களில் ஒருவனாகி இருட்டில் உட்கார்ந்துவிடுவான். சோறு வைக்கலாம், கும்பிடலாம். ஆனால் ஓடமாட்டான். இருபத்து மூன்று வயசுப் பையனைக் கும்பிடுகிற சாமியாக்கித் திண்ணென்று உட்கார்த்தி வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

சல்கி வந்துபோன அன்று மாலையும் போனார். புழுதி எழும்பியது. தட்டும் சத்தம் வந்தது. அதோடு வேறொன்றும் கேட்டது. முதலில் நாய் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். நாய் இல்லை. மைதானத்தின் நடுவிலிருந்து வந்தது. யாரோ மூச்சு வாங்கினார்கள். நெடுந்தூரம் ஓடிவந்து, குனிந்து, முழங்காலில் கை ஊன்றி நிற்கிறவன் வாங்குவதுபோல் இழுத்து இழுத்து வாங்கினார்கள். இரண்டு வருஷமாக இது கேட்டுக்கொண்டேதான் இருந்ததோ, தனக்குத்தான் காது இல்லாமல் போயிற்றோ என்று நினைத்ததும் எழுந்து வேகமாக வீட்டுக்கு நடந்தார். மனைவி நந்தி என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்.

அதற்குப் பிறகாவது எலியாஸைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். செய்யவில்லை. இந்த ஒரு பந்தயம், இந்த ஒரே ஒரு பந்தயம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். விட மனசில்லாத மனுஷன் எதைத்தான் சொல்லிக்கொள்ளமாட்டான்.

இறுதியாட்டம் கரம்பானியோடு. மைதானத்தைச் சுற்றி ஆட்கள் சுவராக நின்றார்கள். கிடாவை ஒரு முளையில் கட்டி, கழுத்தில் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். அது தன் மாலையைத் தானே தின்றுகொண்டிருந்தது. ஜரியாடோலி பத்துப் பேரோடு இறங்கியபோது வெளியூர்க்காரர்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் விஷயம் தெரியும்.

எலியாஸ் பந்தோடு வந்தால் கயிறு கட்டி இழுத்ததுபோல் பந்து கூடவே வந்தது. ஆனால் நடுவை நெருங்கும்போதெல்லாம் வேகம் குறைந்தது. ஒருமுறை நின்றேவிட்டான். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி வந்தான், அப்போதும் பந்து நழுவியது. நழுவிய பந்தை லோதோ எடுத்துக்கொண்டு ஓடிக் கோலாக்கினான். சோம்ரா துள்ளிக் குதித்தார். துப்ராஜ் குதிக்கவில்லை. அத்தனை கூச்சலுக்கு நடுவிலும் அவர் காதில் அந்த மூச்சு மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

இடைவேளையில் சல்கி வந்தாள். கையில் முழ உயரத்துக்கு ஒரு வைக்கோல் குடிசை. பின்னால் நந்தி, இரண்டு கொழுக்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தன் மனைவி தனக்குத் தெரியாமல் அண்ணியோடு சேர்ந்திருக்கிறாள் என்பது துப்ராஜுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கூட்டம் விலகி வழிவிட்டது. இன்னும் பாதி ஆட்டம்தானே, பொறுக்கக்கூடாதா என்று சோம்ரா கெஞ்சினார். சல்கி அவர் பக்கம் திரும்பவே இல்லை. மைதானத்தின் பாதிக் கோடு முடியும் ஓரத்தில் குடிசையை வைத்துத் தீக்குச்சி கிழித்தாள். நந்தி கொழுவைத் தட்டினாள்.

"சிங்ராய்" என்று கூப்பிட்டாள் சல்கி. "உன் வீடு எரியுது பாரு. வா, போகலாம்."

வைக்கோல் பற்றியது. புகை நேராக மேலே போனது. ஒருவரும் அசையவில்லை. கிடாகூட மெல்வதை நிறுத்தியிருந்தது. மறுபடி கூப்பிட்டாள். மைதானத்தின் நடுவில் புழுதி லேசாக எழும்பி, அதே இடத்தில் அடங்கியது.

"வரமாட்டேங்கிறானே" என்றாள். அவள் குரல் உடைந்தது அப்போதுதான்.

ஏன் வரவில்லை என்று துப்ராஜுக்குத் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆட்டம் முடிவதற்குள் சிங்ராய் தன் இடத்தைக் காலியாக விட்டு வந்ததே கிடையாது. கால் வீங்கிப்போன நாளில்கூட, உள்ளே வருகிறவன் நடுவுக்கு வந்து மட்டையோடு மட்டை தட்டிய பிறகுதான் வெளியே நடந்தான். அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். இரண்டு வருஷமாக யாரும் உள்ளே போகவில்லை. அவன் எப்படி வருவான்?

"யாராவது ஒருத்தன் உள்ள போகணும்" என்றார் துப்ராஜ். "அவன் இடத்துல போய் நிக்கணும். அப்பதான் வருவான்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் ஷூ கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. செத்தவன் நிற்கிற இடத்தில் போய் நிற்கச் சொன்னால் யார் போவார்கள்? வைக்கோல் குடிசையில் பாதி எரிந்துவிட்டது. அது சாம்பலாகிவிட்டால் கூப்பிட்டும் பயனில்லை.

துப்ராஜ் செருப்பைக் கழற்றினார். ஒரு பையனிடமிருந்து மட்டையை வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நடந்தார். நந்தி கொழுவை மங்ராவின் கையில் திணித்துவிட்டுச் சல்கியின் வீட்டுக்கு ஓடினாள். வாசலுக்கு உள்ளே நின்று, என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்க ஒரு ஆள் வேண்டுமே.

நடுவுக்குப் போய் நின்றதும் கணுக்காலில் குளிர் ஏறியது, ஓடைக்குள் இறங்கியதுபோல. மூச்சு வாங்கும் சத்தம் இப்போது மிகப் பக்கத்தில், அவர் நெஞ்சு உயரத்தில் கேட்டது. துப்ராஜ் மட்டையை நீட்டினார்.

"போதும்டா கண்ணு" என்றார். "நான் வந்துட்டேன். நீ போ."

நீட்டிய மட்டையில் ஏதோ ஒன்று மெதுவாகத் தட்டியது. மூச்சுச் சத்தம் அவரைத் தாண்டிப் போயிற்று. ஓரத்தில் சல்கி சட்டென்று நிமிர்ந்தாள். யாரையோ தோளில் சாய்த்துக்கொண்டவள்போல் உடம்பைக் கொஞ்சம் சரித்து, திரும்பி நடக்கத் தொடங்கினாள். மங்ரா கொழுவைத் தட்டிக்கொண்டே முன்னால் போனான். அவன் முகமெல்லாம் கண்ணீராக இருந்தது. ஆம்புலன்ஸ் இல்லாத ஊரில், சிங்ராய் விழுந்த அன்றைக்கு வண்டி ஓட்டியவன் அவன்தான்.

அம்பயர் இரண்டு அணியையும் பார்த்தார். பதினோராவது ஆள் சேரக்கூடாது என்று விதி எங்கும் இல்லை. விசில் ஊதினார்.

அதற்கப்புறம் நடந்ததை ஆட்டம் என்று சொன்னால் ஹாக்கிக்கு மரியாதை இல்லை. ஐம்பது வயசு முழங்கால் எவ்வளவு ஓடும்? எலியாஸ் முதல்முறை கொஞ்சம் தயங்கி வந்தான். துப்ராஜை இடது பக்கம் சாய வைத்து வலது பக்கம் போய்விட்டான். கோல். இரண்டாம்முறை தயங்கவே இல்லை. கோல் காப்பவன் எப்படியோ காலால் தடுத்தான். பத்தே பேராக இருந்தால் ஜெயித்திருக்கலாம் என்று ஓரத்திலிருந்து சோம்ரா கத்தியது துப்ராஜுக்குக் கேட்டது. கொழுவின் ஓசையும் கேட்டது. கிணற்றைத் தாண்டிவிட்டது, புளியமரத்தைத் தாண்டிவிட்டது, சின்னதாகிக்கொண்டே போனது. பிறகு நின்றது.

வாசலுக்குப் போய்விட்டார்கள். உள்ளேயிருந்து நந்தி கேட்டிருப்பாள், துக்கமா சந்தோஷமா, என்ன கொண்டுவந்தீர்கள் என்று. சந்தோஷம் என்று அண்ணி சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பாள்.

எலியாஸ் மறுபடி வந்தான். துப்ராஜ் குறுக்கே பாய்ந்து, பந்தைத் தவறவிட்டு, மண்ணில் விழுந்தார். பந்து அவரைக் கடந்து போனது. விழுந்த இடத்திலிருந்தே, எத்தனையோ வருஷம் ஓரத்தில் நின்று கத்திய அதே குரலில் கத்தினார்:

"சிங்ராய், பின்னாடி அடைடா."

மைதானம் முழுவதும் அந்தப் பெயர் கேட்டது. புழுதி எழவில்லை. பந்து கொஞ்சமும் தடுமாறாமல், தடை எதுவுமில்லாத வெறும் தரையில் போகிற பந்துபோலப் போனது. எலியாஸ் அதை வலைக்குள் தள்ளினான்.

கடைசி விசில் ஊதியபோது கரம்பானிக்காரர்கள் கிடாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். துப்ராஜ் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார். குளிர் இல்லை. வெயிலில் காய்ந்த மண், அவ்வளவுதான். அண்ணன் மகனைப் புதைத்த அன்று ஊரே அழுதபோது அழாமல் நின்ற மனுஷன், எல்லோரும் பார்க்க, வாயைத் திறந்து சத்தம் போட்டு அழுதார்.

லோதோ ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான். தோற்றதற்கு அழுகிறார் என்று நினைத்துக்கொண்டான்.

"விடுங்க சித்தப்பா. ஒரு கிடாதானே? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

துப்ராஜ் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்த வருஷம் அவன் இருக்கமாட்டானேடா" என்றார்.